நாலாவது குட்டி

செங்கல்பட்டில் கண் பார்க்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு டிவி. காத்திருக்கிற குழந்தைகள் அழாமல் இருப்பதற்காக அதில் ஏதோ கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. மேசையில் இருந்த பெண் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எழுதப் படிக்கத் தெரியுமா பாட்டி?"

"பாட்டின்னு கூப்புடாத. தெரியும்."

"எது வரைக்கும் படிச்சீங்க?"

"அஞ்சாவதுல பாதி. மீதி நானே படிச்சுகினேன்."

எல்லாரிடமும் நான் சொல்கிற பதில் இது. உனக்குத் தெரியும், கூட்டாளி. ஒரு தடவை முன்வரிசையில் உட்கார்ந்து நீயே இதைக் கேட்டிருக்கிறாய். அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நாற்காலிக்குத் திரும்பி வந்து தலையை நிமிர்த்தினேன். டிவியில் அதிகாரித் தொப்பி போட்ட ஒரு குண்டு நாய் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று விசிலை வாயில் வைத்தது. மேலேயிருந்து ஒரு காய் அதன் மண்டையில் விழுந்தது. நாய் விசிலை விழுங்கிவிட்டது. பிறகு அது மூச்சு விடும்போதெல்லாம் வயிறு உப்பி உப்பி அடங்கியது. தூரத்தில் புத்தகப் பையோடு ஓடிக்கொண்டிருந்த கரடிக்குட்டிகள் சட்டென்று திரும்பிப் பார்த்தன.

நான் எழுந்து நின்றுவிட்டேன். டிவியில் சத்தம் இல்லை. ஆனால் அந்த விசில் எனக்குக் கேட்டது. உன் குரலில், உன் முன்பல் சந்து வழியாக, அம்பது வருஷத்துக்கு முந்தின விசில்.

"பதினேழாம் நம்பரு! பதினேழு யாரும்மா?"

"நான்தான். இரு, படம் முடியட்டும்."

"டாக்டரு வெயிட் பண்றாரும்மா."

"நான் எத்தினி வருஷமா வெயிட் பண்ணிகினு கீறேன் தெரியுமா உனக்கு? அடுத்த நம்பரைக் கூப்புடு."

நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. இருந்திருந்தால் அங்கேயிருந்தே உனக்கு போன் போட்டிருப்பேன்.

நாம் அஞ்சாம் வகுப்பில் இருந்த வருஷம் அது. நீ கல் பட்டறைத் தெரு, நான் குப்பம். உன் தலையில் எப்போதும் கல் தூசி இருக்கும், என் பாவாடையில் எப்போதும் மீன் வாசம் இருக்கும். நீ முதல் ராங்க், முதல் பெஞ்சு. நான் கடைசி பெஞ்சு. விடியற்காலையில் அம்மாவோடு கூடை தூக்கிக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போய்விட்டு வருவதால் வாரத்தில் நாலு நாள் எனக்கு நேரமாகிவிடும். தலைமை வாத்தியார் வாசலிலேயே நிற்பார். "வந்துடுச்சு பாருங்க, மீன்கூடை" என்பார். வகுப்பே சிரிக்கும். பிறகு வெயிலில் நிற்க வைப்பார்.

அவர் செத்துப்போய் ரொம்ப காலம் ஆகிறது. செத்தவரைத் திட்டக் கூடாது என்று நீ சொல்வாய். நான் திட்டுவேன். கூடை தூக்குகிற வீட்டுப் பிள்ளைக்குக் கூடை என்று பேர் வைத்தவர் அவர்.

ஒரு நாள் நான் சொன்னேன், "நாளைக்கு நான் வர்ல. மட்டம் போடப் போறேன்." நீயும் வருவதாகச் சொன்னாய். முதல் ராங்க்காரி மட்டம் போடுகிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை! "நீ முன்னால போய்க் காத்துனு இரு. நான் வயித்து வலின்னு சொல்லிட்டு ஓடியாந்துடறேன்" என்றாய். சவுக்குத் தோப்புக்குப் பின்னால், வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுக்க வராத அந்த மொட்டைப் பாறையின் மேல் நான் காத்திருந்தேன். பத்து மணி ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. நீ வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்குப் பார்த்து சுகாதாரப் படம் காட்ட பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜீப் வந்திருக்கிறது. ஜன்னலுக்கெல்லாம் கோணிப்பை கட்டி வகுப்பை இருட்டாக்கி, கொசுவைப் பற்றி ஒரு படம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் நெளிய ஆரம்பித்ததும், எந்தத் தேசத்துப் படமோ, சின்னதாக ஒரு கார்ட்டூன் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடுகிற கரடிக்குட்டிகள், அவற்றைத் துரத்திப் பிடிக்க ஒரு நாய் அதிகாரி. நான் நிஜமாகவே மட்டம் போட்டுவிட்டுப் பாறையில் காய்ந்துகொண்டிருந்தபோது, நீ இருட்டில் உட்கார்ந்து மட்டம் போடுகிற குட்டிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

பசித்தது. கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். உனக்குத் தெரியாததில்லை, எங்கள் குப்பத்தில் கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. படகுக்காரனுக்கும் உண்டு, வழியே போகிறவன் வந்து பிடித்தாலும் உண்டு. சின்னப் பெண்களும் பிடிக்கலாம். நான் போய்க் கயிற்றின் வால் பக்கம் பிடித்துக்கொண்டேன். வலை கரையேறியதும் பெரியவர் ஒருவர், "யாரு கை கயித்துல இருந்துச்சோ, அல்லாரும் வாங்கிக்கோ" என்று கத்தினார். என் பாவாடை மடியில் இரண்டு கை காரப்பொடி மீன் போட்டார்.

வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் அதைத் தோப்பில் கொட்டிவிட்டு நல்லபிள்ளையாக வீட்டுக்குப் போயிருக்கும். எங்களால் முடியாது. பங்கு மீனை வீசினால் அடுத்த வலை வெறும் வலையாக வரும் என்பார்கள். பங்கை வாங்காமல் போவதும் தப்பு, கொடுக்காமல் இருப்பது அதைவிடத் தப்பு. அதனால் நான் புத்தகப் பையில் மீனைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குச் சரியாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

"இன்னாடி இது, காரப்பொடி?" என்றாள் அம்மா.

"வலைப் பங்கும்மா."

"எந்த வலை?"

"மத்தியான வலை."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அம்மா மீனை வாங்கிச் சட்டியில் போட்டாள். அதைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் என்னை அடித்தாள்.

மறுநாள் காலை பிரார்த்தனை நேரத்தில் அம்மா என்னைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். முன்தினம் மட்டம் போட்ட பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கு ரெண்டு அடி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அடி இல்லை. "பொம்பளப் புள்ள கடற்கரையில சுத்தறதா? எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு" என்றார் தலைமை வாத்தியார்.

"மட்டம் போட்டது தப்பு சார். என்னை மீன்கூடைன்னு சொன்னதும் தப்பு. நீங்க கேளுங்க, நான் கேக்கறேன்" என்றேன்.

அம்மா "சொல்லித் தொலையேண்டி" என்று என் முதுகில் குத்தினாள். நீ முன்வரிசையிலிருந்து உதட்டை மட்டும் அசைத்தாய்: "கேளுடி. ஒரு வார்த்ததானே."

"மன்னிப்புக் கேக்கற நாக்கு முளைச்சதும் உள்ள வா" என்று அவர் வெளிக்கதவைக் காட்டினார். அந்த நாக்கு எனக்கு இன்று வரைக்கும் முளைக்கவில்லை. அம்மாவும் ஒரு வாரம் பார்த்தாள். "போதும் படிச்சது, கூடையத் தூக்கு" என்றாள். என் படிப்பு அவ்வளவுதான் என்று எல்லாருமே முடிவு கட்டினார்கள், நான் உட்பட.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பாறைக்கு வந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கோவமா?"

நான் பாறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"ஆமாண்டி, படம் பாக்கத்தான் இருந்துட்டேன். வயித்து வலின்னு சொல்ல எழுந்தேன், அந்த நேரம் பாத்து ஜன்னல்ல கோணி கட்டறாங்க. உக்காந்துட்டேன். இப்போ இன்னான்ற?"

பொய் சொல்லியிருந்தால் உன்னோடு அதோடு முடித்திருப்பேன். நீ சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து காட்டினாய். அது நாய் அதிகாரியா, நம் தலைமை வாத்தியாரா என்று சொல்ல முடியாது. பிறகு விசிலை விழுங்கினாய். மூச்சு விட்டாய். விசில் வந்தது. நாய் வைக்கோல் போருக்குள் ஒளிந்தாலும் விசில், தண்ணீர்த் தொட்டியில் முங்கினாலும் விசில். நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாய்க்கு விக்கல் எடுக்க ஆரம்பித்ததும் என்னால் முடியவில்லை.

"குட்டிங்க எத்தினி?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் உன்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நீ கடலைப் பார்த்தாய். பிறகு, "நாலு" என்றாய்.

உன் அப்பா கல்லில் கோடு போடுகிற செங்காவிக் கட்டி ஒன்றை எடுத்து வந்திருந்தாய். பாறையில் குட்டிகளை வரைந்தாய். மூத்தது, நடுவுலது, தின்னிக் குட்டி. நாலாவது மட்டும் தனியாக ஒரு கல்லின் மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அது இன்னாத்துக்குத் தனியா குந்திகினு கீது?"

"அதுக்குத் திமிரு. மூணும் மாட்டிக்கிச்சு, தப்புன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. இது மட்டும் சொல்லல. அதனால உள்ள சேக்கல."

"அப்பறம் அது இன்னா பண்ணுச்சு?"

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் சொன்னாய். நாலாவது குட்டி பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போய் ஜன்னல் ஓரம் நின்றதாம். அங்கேயிருந்து கரும்பலகை தெரிந்ததாம். உள்ளே எழுதுவதைப் பார்த்து அது மண்ணில் எழுதியதாம்.

"நாய் வந்தா?"

"விசிலு சத்தம் கேக்குமே. ஓடிப்போயிடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, யாரையோ சொல்வது போலச் சொன்னாய்: "நம்ம வாத்தியாரு செருப்புகூடத்தான் கிறீச் கிறீச்சுன்னு கத்துது."

செவ்வாய்க்கிழமை, மீன் விற்று முடித்த அன்னக்கூடையை ஜன்னலுக்குக் கீழே கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றேன். கரும்பலகை தெரியவில்லை. கடைசி பெஞ்சுப் பெண்ணின் தலை மறைத்தது. அன்று மாலை உன்னிடம் சொன்னேன். அதற்கு மறுநாள் நீ முதல் பெஞ்சிலிருந்து எழுந்து கடைசி பெஞ்சில், ஜன்னலை ஒட்டி வந்து உட்கார்ந்துவிட்டாய்.

"ஃபர்ஸ்ட் ராங்க் எடுக்கறவ அங்க என்ன பண்றே?" என்று தலைமை வாத்தியார் கேட்டது எனக்கு வெளியே கேட்டது.

"இங்க நல்லா காத்து வருது சார்."

வந்த காற்று நான்தான். நீ இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாய், நான் பார்ப்பதற்காக. நோட்டை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாய். செருப்புச் சத்தம் கேட்டால் பெஞ்சில் ரெண்டு தட்டு தட்டுவாய். நான் குனிந்துவிடுவேன். அஞ்சாவதின் மீதியும் ஆறாவது முழுசும் அப்படித்தான். மழையில் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பெஞ்சில் சாய்ந்து சாய்ந்து உன் உடம்பே அப்படி ஆகிவிட்டது. உன் ராங்க் மூன்றுக்கும் ஐந்துக்கும் இறங்கியது. வீட்டில் திட்டு வாங்கினாய். என்னிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. மாலையில் பாறையில் நாலாவது குட்டியின் கதை ஓடும். அது பாலம் தாண்டும், சந்தையில் ஏமாற்றுகிறவனின் பொய்க் கணக்கைப் பிடிக்கும், நாய்க்கே கடுதாசி படித்துக் காட்டும். ஆனால் அடுத்த நாள் கதை வேண்டுமென்றால் அன்றைய பாடத்தை நான் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதுதான் உன் கறார்.

உன்னைக் கருங்குழியில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே தபால் ஆபீஸில் உனக்கு வேலை கிடைத்தது. மாசம் தவறாமல் கார்டு வரும். மேலே எப்போதும் ஒரே கேள்வி: "நாலாவது குட்டி எப்படி இருக்கிறது?" கார்டைப் படிக்கவே நான் வேறு எல்லாவற்றையும் படித்தேன். மீன் சுற்றி வருகிற பேப்பர், சுவரொட்டி, கோர்ட்டு நோட்டீஸ். கடலுக்குப் போகிற பாதையை ஓட்டல்காரர்கள் வேலி போட்டு அடைத்தபோது, எங்கள் பெண்களுக்காக நான்தான் மனு எழுதினேன். உன்னிடம் காட்டினேன்.

"தாழ்மையுடன்னு ஒரு வார்த்தை போடுடி. கலெக்டருக்குப் போறது."

"போட மாட்டேன்."

"பேஜாருடி உன்னோட" என்று சிரித்தாய். வேறு மூன்று பிழைகளைத் திருத்தினாய். பாதை திறந்தது. தாழ்மை இல்லாமலே திறந்தது.

அதற்காக எங்கள் பெண்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். நீ கருங்குழியிலிருந்து பஸ் மாறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய், ஒரு பக்கம் சாய்ந்து. யாரோ மைக்கில் கேட்டார்கள்: "அக்கா, உங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?"

நான் சொன்னேன்: "யாரும் இல்லை. நானே படிச்சுகினேன்."

முதலில் கை தட்டியவள் நீ.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நீ ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ் வந்தது. ஏறும்போது, "நாலாவது குட்டி நல்லா பேசிச்சு" என்றாய். அவ்வளவுதான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தப்பைத் தப்பு என்று சொல்லாமல் இருந்து இருந்து, பிறகு எந்தத் தப்பையும் சொல்ல வராமல் போய்விட்டது எனக்கு.

போன மாசிக்கு முன்னால் உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலில் மெலிந்து கிடந்தாய். தலையணையை நிமிர்த்தி வைத்தாலும் இடது பக்கமே சரிந்தாய். உன் மகள் நேராக்கப் பார்த்தாள். "வுடு, அம்மாவுக்கு அதான் சொகம்" என்றேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

"அந்தப் படத்தை நானும் ஒரு வாட்டி பாக்கணும்டி" என்றேன் உன்னிடம்.

நீ சிரித்தாய். மூச்சு வாங்கியது. "பாத்தா என்னைத் திட்டுவ."

"எதுக்கு?"

"பாரு. அப்பறம் திட்டு."

பார்த்துவிட்டேன். செங்கல்பட்டில், சத்தம் இல்லாத டிவியில். ஏழெட்டு நிமிஷம்கூட இருக்காது. நீ ஒன்றரை வருஷம் சொன்ன கதை. குட்டிகள் ஓடின, நாய் வைக்கோலில் ஒளிந்தது, தொட்டியில் முங்கியது, எல்லாம் நீ காட்டினபடியே. கடைசியில் குட்டிகளைப் பிடித்து வகுப்புக்குள் தள்ளுகிறது நாய். குட்டிகள் பின் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடுகின்றன. டீச்சர் கோழி நாயின் காதைப் பிடித்துச் சின்ன பெஞ்சில் உட்கார வைத்து சிலேட்டைக் கையில் கொடுக்கிறது. குட்டிகள் வெளியே நின்று சிரிக்கின்றன.

நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மரத்துக்குப் பின்னால் இருக்கும், கல்லின் மேல் இருக்கும், இதோ வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்து ஓடி, வேறு படம் ஆரம்பித்துவிட்டது.

மூன்றுதான். நாலாவது குட்டி அந்தப் படத்திலேயே இல்லை.

அந்த முன்கூடத்தில் நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்திலிருந்த குழந்தை பயந்துபோய் அம்மா மடியில் ஏறிக்கொண்டது. சிரித்து முடித்த பிறகுதான் கண்ணைத் துடைத்தேன். உன்னைத் திட்டவில்லை. "நாலு" என்று சொல்வதற்கு முன்னால் நீ கடலைப் பார்த்தாயே, அந்த ஒரு கணத்தில் எனக்கு ஒரு இடம் பண்ணிக் கொடுத்திருக்கிறாய். நான் தலை குனியாமலே போய் நிற்கக்கூடிய இடம். பள்ளிக்கூடம் தரவில்லை, என்னைப் பெற்றவளுக்கும் தோன்றவில்லை. பத்து வயசுப் பிள்ளை நீ தந்தாய்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைப் பெண்தான் படிக்கிற அட்டையைக் கையில் கொடுத்தாள். கடைசி வரி வரைக்கும் நிறுத்தாமல் படித்தேன்.

"கடகடன்னு படிக்கிறீங்களே!"

"நீ எழுதினியே அந்தத் தாளு, அதுல ஒண்ணு மாத்தணும்."

"இன்னாம்மா?"

"அஞ்சாவதுல பாதி, மீதி நானேன்னு சொன்னேன்ல. அது தப்பு. மீதி என் கூட்டாளி சொல்லிக் குடுத்தது. அவ பேரை எழுது."

தப்பு என்ற அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அதெல்லாம் எழுத இதுல எடமே இல்லம்மா."

"ஓரத்துல எழுது."

கயிற்றில் கை வைத்தவர்களுக்குப் பங்கு உண்டு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். உன் கை கயிற்றில் இருந்தது, அத்தனை வருஷமும். பங்கை மட்டும் நான் ஒருத்தியே தின்றேன். இனிமேல் யார் கேட்டாலும் உன் பேரைத்தான் சொல்வேன். மனுவில் தாழ்மை போட மாட்டேன், அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதிக்க மாட்டேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் உன் பேரைச் சொல்வேன்.

நான் விடமாட்டேன் என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. பேனாவை எடுத்தாள். நான் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினாள். பக்கத்தில் குனிந்து பார்த்தேன். ஓரத்தில் இடம் போதாமல், உன் பேர் இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.